மாற்றியமைத்த வண்டி: அடையாளம், கணக்கு, பொறுப்பு

ஒரு ஜீப்பின் டயரை மாற்றினால் அது அதே ஜீப்தான் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. எஞ்சினை மாற்றினால் சிலர் தயங்குவார்கள். டயர், எஞ்சின், கியர்பெட்டி, அடிப்பட்டை, கூரை, இருக்கை எல்லாம் ஒவ்வொன்றாக மாறி, பழைய எண் பலகை மட்டும் மிஞ்சி நின்றால், அது எந்த வண்டி? வண்டிப் பிரியர்கள் தங்கள் வண்டியை விருப்பப்படி மாற்றியமைக்கும்போது எழும் இந்தக் கேள்வி, இந்தியத் தத்துவத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தேரை முன்வைத்து விவாதிக்கப்பட்டுவரும் கேள்விதான். இதற்கு விடை தேடும் வழியில் பெருக்கல், வகுத்தல், வர்க்கம் ஆகிய எளிய கணக்குகளுக்கும் இடம் உண்டு.

பாலக்காட்டுக் கணவாயில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் கேரளத்தின் சித்தூர் வட்டம் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான நிலம். கே.எல். 70 என்று தொடங்கும் பதிவெண்ணோடு ஓடும் இந்த வட்டத்து வண்டிகளுக்கு இரண்டு விதமான பாதைகள் உண்டு. கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூரை நோக்கிச் செல்வது சமவெளிச் சாலை. தெற்கே நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்கு ஏறுவது கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலை. நெல்லியாம்பதி மலைத்தொடர் 467 மீட்டரிலிருந்து 1572 மீட்டர் வரை உயர்கிறது. மேலே தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு இடையிலான கரடுமுரடான தடங்களில் ஜீப்புகள்தான் போகும். பாறையில் அடி இடிக்காமலிருக்கப் பெரிய டயர் போடுவதும் அடிப்பட்டையான ஸ்பிரிங்கை உயர்த்துவதும் அங்கே உண்மையான தேவையிலிருந்து பிறக்கின்றன. ஆனால் மலைத்தடத்துக்காக மாற்றிய அதே ஜீப் மறுநாள் சமவெளிச் சாலையிலும் ஓட வேண்டியிருக்கிறது.

தேரைப் பற்றிய மூன்று விடைகள்

பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஹ நூலில் கிரேக்க வழி அரசனான மிலிந்தனும் நாகசேனர் என்ற துறவியும் உரையாடுகிறார்கள். மிலிந்தன் என்பது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட மெனாண்டரின் பெயர். அரசன் தேரில் வந்ததாகச் சொன்னதும், தேர் என்பது எது என்று நாகசேனர் கேட்கிறார். அச்சா, சக்கரமா, ஏர்க்காலா, நுகமா? ஒன்றும் இல்லை. எல்லாம் சேர்ந்த குவியலா? அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே வேறொன்றா? அதுவும் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு உரையாடல் வருகிறது. இதன்படி பார்த்தால், டயர் மாறிய ஜீப் அதே ஜீப்பா என்ற கேள்விக்குக் கடைசி விடை கிடையாது. வழக்கில் எப்படிச் சொல்கிறோமோ அப்படி.

நியாய மரபு இதை ஏற்கவில்லை. உறுப்புகளால் ஆன முழுமை, உறுப்புகளிலிருந்து வேறான ஓர் உண்மைப் பொருள் என்பது அதன் கொள்கை. அந்த முழுமைக்கு அவயவி என்று பெயர். கௌதமரின் நியாய சூத்திரம் அதற்குத் தரும் காரணங்களில் ஒன்று, ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் கூடவே வருகிறது என்பது. வெறும் குவியல் அப்படி வராது. ஆனால் இந்தக் கொள்கைக்கு ஒரு விலை உண்டு. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து வேறொரு துணி பிறக்கிறது என்று நியாயவாதிகள் சொல்லவேண்டியிருந்தது. அதே துணி என்று நாம் காண்பது ஒப்புமையால் வரும் எண்ணம். இதன்படி டயர் மாறிய ஜீப் கண்டிப்பாக வேறு ஜீப்.

மூன்றாவது விடை, ஏழாம் நூற்றாண்டு மாத்யமிகப் பௌத்தரான சந்திரகீர்த்தி விரிவாக ஆராய்ந்து மறுத்த ஒன்று. தேர் என்பது உறுப்புகள் அல்ல, உறுப்புகள் சேர்ந்து கொள்ளும் வடிவம் என்பது அது. அவர் தேரை ஏழு வழிகளில் தேடி, ஒன்றிலும் அது அகப்படவில்லை என்று காட்டுகிறார். ஆயினும் உலக வழக்கில் தேர் ஓடுகிறது, அதில் ஏறிப் போகிறார்கள் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

கோயில் தேர்களின் வரலாறு இந்த மூன்று விடைகளையும் சோதிக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன் எடையுள்ளது. முந்தைய தேர் தீக்கிரையானபின் புதிதாகக் கட்டப்பட்டது இன்றைய தேர். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்து கொடுத்தது. பக்தர்களுக்கு அது தியாகராசரின் அதே ஆழித்தேர். தேரைத் திருப்புவோருக்கும் நிறுத்துவோருக்குமோ எல்லா அளவும் மாறிய தேர். வழிபாட்டின் பார்வையில் அடையாளம் தொடர்கிறது, இயக்கத்தின் பார்வையில் அது மாறுகிறது. மாற்றியமைத்த ஜீப்பின் நிலையும் இதுதான். எது எவ்வளவு மாறியது என்பதைக் கணக்கு ஒன்றே காட்டும்.

சக்கரத்தின் கணக்கு

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று அச்சிட்டிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எனவே மொத்த விட்டம் 15 × 25.4 + 2 × 215 × 0.75. அதாவது 381 + 322.5 = 703.5 மி.மீ.

இந்த ஜீப்பில் 31 அங்குல டயரைப் போட்டால் விட்டம் 787.4 மி.மீ. ஆகிறது. புதிய விட்டத்தைப் பழையதால் வகுத்தால் 1.119. இந்த ஒரு விகிதத்திலிருந்து பின்வரும் எல்லாம் கிளைக்கின்றன.

முதலில் வேகம். சக்கரம் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் 2.21 மீட்டரிலிருந்து 2.47 மீட்டராகிறது. ஸ்பீடோமீட்டர் சுற்றுகளை எண்ணுகிறதே ஒழியத் தூரத்தை அளப்பதில்லை. முன்பு மீட்டர் சரியாகக் காட்டியதாக வைத்துக்கொண்டால், இப்போது 60 கி.மீ. என்று காட்டும்போது வண்டி உண்மையில் மணிக்கு 67 கி.மீ. வேகத்தில் போகிறது.

அடுத்தது இழுவை. எஞ்சினின் முறுக்குவிசை கியர் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, சக்கரத்தின் ஆரத்தால் வகுபட்டுத் தரையில் விசையாகிறது. ஆரம் 1.119 மடங்கானால் விசை 0.894 மடங்காகும். மலையேற்றத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுவை போய்விடுகிறது. தடத்துக்காகப் பெரிய டயர் போட்டவர் ஏற்றத்தில் ஒரு கியர் கீழே இறக்க நேர்வது இதனால்தான்.

மூன்றாவது பிரேக். டிரம்மோ டிஸ்க்கோ தரும் நிறுத்துமுறுக்கும் அதே ஆரத்தால்தான் வகுபடுகிறது. அதே அளவு மிதித்தால் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசையும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

நான்காவது, நிறுத்த வேண்டிய ஆற்றல். இது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. 1800 கிலோ எடையுள்ள வண்டி உண்மையான 60 கி.மீ. வேகத்தில் 250 கிலோஜூல் ஆற்றலோடு ஓடுகிறது. மீட்டர் 60 காட்டும் மாற்றிய வண்டி 313 கிலோஜூல் ஆற்றலோடு ஓடுகிறது. முள் அதே இடத்தில் நிற்க, ஆற்றல் 25 சதவீதம் கூடிவிட்டது. உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வெண் 0.7 என்று கொண்டு, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்றும் சேர்த்தால், மூல வண்டி சுமார் 37 மீட்டரில் நிற்கும். மாற்றிய வண்டிக்கு 44 மீட்டர் வேண்டும். இடைப்பட்ட ஏழு மீட்டர், சாலையைக் கடக்கும் ஒருவர் பிழைப்பதற்கும் அடிபடுவதற்கும் போதுமான தூரம்.

இழந்த இழுவையை மீட்க ஒரு வழி உண்டு. பின் அச்சிலுள்ள கிரௌன் பினியனின் விகிதத்தையும் 1.119 ஆல் பெருக்க வேண்டும். முன்பு 4.10 இருந்தால் இப்போது 4.59. அப்போது ஏற்றத்தில் பழைய இழுவை திரும்புகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பெட்டியின் பின்முனையிலிருந்து ஓடும் வண்டிகளில் மீட்டரும் சரியாகிவிடும். பிரேக் மட்டும் சரியாகாது. அதற்குப் பெரிய டிஸ்க்கோ வலுவான பிரேக்கோ தனியே வேண்டும். நியாய சூத்திரம் சொன்னதுபோல, ஒரு பகுதியை இழுத்தால் முழுமையும் கூடவே வருகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு வருகிறது என்பதை விகிதம் சொல்கிறது.

உயரத்தின் கணக்கு

டயரின் ஆரம் கூடியதால் வண்டி முழுவதும் 42 மி.மீ. உயர்கிறது. அடிப்பட்டையையும் உயர்த்தினால் உடல்பகுதி இன்னும் மேலே போகிறது. இதனால் எடைமையம் உயர்கிறது. வளைவில் ஒரு வண்டி கவிழாமல் நிற்பதற்கான எல்லையைச் சொல்லும் எளிய விகிதம், இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை எடைமைய உயரத்தின் இருமடங்கால் வகுப்பது. அகலம் 1.30 மீட்டர், எடைமையம் 0.70 மீட்டர் என்று கொண்டால் அந்த விகிதம் 0.93. டயரால் 42 மி.மீ., பட்டையை உயர்த்தியதால் 50 மி.மீ. என்று எடைமையம் உயர்ந்தால் விகிதம் 0.82 ஆகிறது.

இதை வேகமாக மாற்றிப் பார்க்கலாம். விகிதத்தை ஈர்ப்பு முடுக்கமான 9.81 ஆலும் வளைவின் ஆரத்தாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். அதை 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் மூல வண்டியின் எல்லை 42 கி.மீ. மாற்றிய வண்டியின் எல்லை 39.6 கி.மீ. வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் மாற்றிய வண்டியின் மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது. உண்மையில் 39.6 கி.மீ. போகும்போது முள் 35-ல் நிற்கும். பழைய பழக்கத்தில் 40 வரை பயமில்லை என்று நம்பும் ஓட்டுநர், மீட்டரில் 36 பார்க்கும்போதே எல்லையைத் தாண்டிவிட்டிருப்பார். டயரால் வந்த பிழையும் உயரத்தால் வந்த பிழையும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன.

இது வண்டியை இறுகிய ஒரே கட்டியாகக் கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் பட்டை அமுங்கி உடல் சாய்வதால் எல்லை இதைவிடக் கீழே இருக்கும். மேலே சாமான் கட்டினாலோ, ஆட்கள் நின்றுகொண்டு வந்தாலோ இன்னும் குறையும். கணக்கு தரும் எண்ணைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தாண்டவே கூடாத வெளிவரம்பு.

எஞ்சினும் விளக்கும்

மாருதி 800 காரின் பழைய எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 68.5 மி.மீ. விட்டம், 72 மி.மீ. ஓட்டம். விட்டத்தின் வர்க்கத்தை 0.7854 ஆல் பெருக்கி, ஓட்டத்தாலும் மூன்றாலும் பெருக்கினால் 796 சி.சி. இந்தக் காரின் உறுப்புகளைக் கொண்டுதான் கோயம்புத்தூரின் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற மலிவான பந்தயக் காரை உருவாக்கினார். கோவை செட்டிபாளையத்திலுள்ள பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. வீதியில் ஓடவேண்டியதை வீதிக்கும், பந்தயத்துக்கு மாற்றியதைத் தடத்துக்கும் பிரித்து வைத்தது அந்த மரபின் ஒழுங்கு.

சிலிண்டரைப் போர் செய்து விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால் கொள்ளளவு 808 சி.சி. ஆகிறது. கூடியது ஒன்றரை சதவீதம்தான். அமுக்கவிகிதத்தில் மாற்றம் இதைவிடக் கூர்மையானது. விகிதம் 9 என்று கொண்டால், ஒரு சிலிண்டரின் 265.3 சி.சி. கொள்ளளவை 8 ஆல் வகுக்க, எரியறையின் இடம் 33.2 சி.சி. என்று கிடைக்கும். லேத்தில் கொடுத்து ஹெட்டை அரை மில்லிமீட்டர் சீவினால் அந்த இடம் சுமார் 1.8 சி.சி. குறைகிறது. விகிதம் 9.47 ஆக ஏறுகிறது. கோட்பாட்டளவில் எஞ்சினின் திறன் நூற்றுக்கு ஒன்றரை கூடும். எதிர்ப்பக்கத்தில், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும் ஆபத்தும் கூடும்.

ஆசைக்கும் பலனுக்கும் உள்ள உறவை இன்னொரு கணக்கு காட்டுகிறது. வேகமாக ஓடும் காருக்குக் காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தோடு கூடுகிறது. உச்சவேகத்தை 10 சதவீதம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். இருமடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு. ஆசை ஒரு படி ஏறும்போது விலை பல படிகள் ஏறுகிறது.

விளக்கு மாற்றம் மிகச் சாதாரணமாகக் கருதப்படுவது. 60 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு இரண்டு 16.7 ஆம்பியர் இழுக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பழைய கம்பியில் வெப்பம் 2.8 மடங்கு. ரிலேயும் தடித்த கம்பியும் போடாமல் பல்பை மட்டும் மாற்றினால் அந்த வெப்பம் கம்பியின் உறையை உருக்கக்கூடும். எதிரே வருபவரின் கண் கூசுவதற்கோ ரிலேயாலும் தீர்வு கிடையாது.

சட்டம் காணும் அடையாளம்

சட்டத்தின் பார்வையில் வண்டியின் அடையாளம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், கொள்ளளவு, இருக்கைகள், எடை ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிவாயு, மின்சாரம் போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு நிபந்தனைகளோடு வழி வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இந்தப் பிரிவை உறுதி செய்து, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. மேலே கணக்கிட்ட மாற்றங்களில் பல இந்த வரம்புக்குள் அடங்கா. அவற்றைக் கணக்கிட முடியும் என்பதாலேயே செய்யலாம் என்று ஆகிவிடாது.

சட்டத்தின் நிலைப்பாடு தத்துவத்தின் எந்த விடையோடும் முழுதாகப் பொருந்தவில்லை. தேய்ந்த டயரை அதே அளவுப் புது டயரால் மாற்றினால் வண்டி மாறவில்லை என்று அது கொள்கிறது. ஆகவே உறுப்புகள் மாறியதும் வேறு வண்டி என்ற நியாயக் கொள்கை அங்கே இல்லை. பெயரும் எண்ணும் இருந்தால் போதும் என்பதையும் அது ஏற்கவில்லை. குறிப்பிட்ட அளவுகள் தொடர்வதையே அது அடையாளமாகக் கொள்கிறது.

அளவுகளின் உறவே வண்டி

கணக்குகளை ஒருசேரப் பார்த்தால் தேர்க் கேள்விக்கு ஒரு விடை உருவாகிறது. வண்டி என்பது உறுப்புகள் அல்ல, அவை மாறியும் வண்டி தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியும் வடிவமும் அல்ல, அது மாறாமலே வண்டி அபாயமானதாக மாற முடியும். ஆரத்துக்கும் பிரேக்குக்கும், அகலத்துக்கும் உயரத்துக்கும், மின்னோட்டத்துக்கும் கம்பிக்கும் உள்ள விகிதங்களின் ஒழுங்கே வண்டி. அந்த ஒழுங்கு காக்கப்படும்வரை எந்த உறுப்பு மாறினாலும் அது அதே வண்டி. ஒழுங்கு குலைந்தால் ஓர் ஆணிகூட மாறாவிட்டாலும் அது வேறு வண்டி. சக்கரம், அச்சு, பெயர் ஆகியவற்றைத் தாண்டி நாகசேனர் தேட மறுத்ததும், நியாயவாதிகள் அவயவி என்று பெயரிட்டதும் இந்த ஒழுங்கையே நெருங்குகின்றன.

இதிலிருந்து பொறுப்பு பிறக்கிறது. மிலிந்த பஞ்ஹவிலேயே அதற்கான சான்று உண்டு. ஒருவன் விளக்கேற்றிச் சாப்பிடுகிறான். சுடர் கூரையில் பற்றி ஊர் எரிகிறது. நான் ஏற்றிய சுடர் வேறு, ஊரை எரித்த தீ வேறு என்று அவன் வாதிட்டால் அது செல்லாது. பின்னது முன்னதிலிருந்து வந்தது. உயர்த்திய ஜீப் வளைவில் கவிழ்ந்தால், மாற்றியது பட்டையை, கவிழ்ந்தது வேகத்தால் என்ற வாதமும் அதுபோலச் செல்லாது. தயாரிப்பாளர் சோதித்துத் தந்த ஒழுங்கை மாற்றியவர், அந்த ஒழுங்குக்கான பொறுப்பையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர் ஆகிறார்.

சைவ சித்தாந்தமும் சாங்கியமும் ஏற்கும் சத்காரியவாதம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல உதவுகிறது. காரியம் புதிதாக எங்கிருந்தோ வருவதில்லை, காரணத்திலேயே அடங்கிக் கிடக்கிறது என்பது அதன் கொள்கை. 44 மீட்டர் நிறுத்துதூரம் விபத்து நடந்த நாளில் தோன்றுவதில்லை. 31 அங்குல டயரை மாட்டிய நாளிலேயே அது வண்டிக்குள் இருக்கிறது. அடங்கிக் கிடக்கும் அந்தக் காரியத்தை, அது வெளிப்பட்டு ஓர் உயிரைத் தொடுவதற்கு முன்பே பார்க்க வைப்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போட முடிந்தவர், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமையை இழக்கிறார். போடத் தெரியாதவர் மாற்றத்தில் இறங்கும் உரிமையையே பெறவில்லை.

எனவே ஒர்க்‌ஷாப்பில் முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு தாளில் சில எண்களை எழுதிப் பார்ப்பது வண்டிப் பிரியரின் முதல் கடமை. டயரின் பழைய, புதிய விட்டங்கள், அவற்றின் விகிதம், அந்த விகிதத்தால் மீட்டரும் இழுவையும் பிரேக்கும் அடையும் மாற்றம், எடைமையம் உயரும் அளவு, கம்பியில் ஓடும் மின்னோட்டம், ஆர்.சி. புத்தகம் சொல்லும் அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றேனும் தன் வண்டியில் இருப்போருக்கோ எதிரே வருவோருக்கோ ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தால் அந்த மாற்றத்தைக் கைவிட வேண்டும்.